முஜர்ரப் என்னும் ஒரு சொல்

சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த சில தினங்களில், தர்மபுரியில் நம் இல்லத்துக்கு அடுத்த தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கையில் ஒரு சீசாவுடன் நம்மைத் தேடி வந்தார். வளைகுடா நாடொன்றில் வேலை பார்ப்பவர். விடுமுறையில் ஊர் திரும்பியிருந்தார். "ஹஜ்ரத், இதில் அரபியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். அத்தாவுக்காக வாங்கி வந்தேன்" என்றார். அவருடைய தந்தையார் நெடுநாளாக நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர். இருதயம் பலவீனமுற்றிருப்பதாகவும் சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கியிருப்பதாகவும் மருத்துவர் அண்மையில் சொல்லியிருந்தார்.

சீசாவின் மேலிருந்த தாளைப் படித்தோம். இருதயத்துக்கு வலுவூட்டுவது, சிறுநீரகங்களைத் தூய்மை செய்வது என்று இரண்டு வரிகள். அவற்றின் கீழே சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், 'முஜர்ரப்' என்று ஒரே சொல். (இருதயத்துக்கு அரபியில் கல்பு என்று பெயர். நாய்க்கும், நம் தமிழ் எழுத்தில் எழுதினால், கல்பு என்றே வரும். முந்தியதன் முதலெழுத்து நாவின் அடியிலிருந்து பிறக்கும் காஃப். இவ்வேறுபாட்டை நாவுக்குப் பழக்குவதற்குள் நம் மாணவர்கள் படும் பாடு தனிக் கதை.) "முஜர்ரப் என்றால் சோதித்துப் பார்க்கப்பட்டது, நம் வழக்கில் கைகண்ட மருந்து" என்று பொருள் சொன்னோம்.

"யாரிடம் சோதித்தார்களாம், ஹஜ்ரத்?" என்று கேட்டார் அந்த இளைஞர்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதற்கு விடை அதில் இல்லை. நம் பெரியோர்களின் காலத்து ஹகீம்கள் அரபுத் தமிழில் எழுதி வைத்த கைப்பிரதிகளில் ஒவ்வொரு மருந்து முறையின் முடிவிலும் இச்சொல் முத்திரைபோல் விழுந்திருக்கும். இத்தனை ஆண்டுகள் அரபி பயிற்றுவித்தும் அச்சொல்லின் முழுப் பாரத்தை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு மருந்து முஜர்ரப் என்னும் பட்டத்துக்கு எப்பொழுது உரியதாகிறது? இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கேட்டிலிருந்து காக்கும் மருந்துகளைத் தேடியவர்களின் வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. அவ்வரலாற்றின் ஓர் இழை நம் மாவட்டத்து மண்ணிலிருந்தே தொடங்குவதுதான் வியப்பு.

தர்மபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தலைநகர். நீண்ட ஆயுளைத் தரவல்லது என்று கருதப்பட்ட அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு ஈந்தவன் அவன். புறநானூற்றின் 91ஆம் பாடல் அந்நிகழ்ச்சியைப் பற்றியதே என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பலர் அறியாதது மற்றொன்று உண்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மௌரியப் பேரரசர் அசோகர் பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளிலும் அவற்றுக்கு அப்பாலும் மனிதருக்கு ஒன்றும் விலங்குகளுக்கு ஒன்றுமாக இருவகை மருத்துவம் ஏற்படுத்தப்பட்டதையும், மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவை கொண்டுசெல்லப்பட்டு நடப்பட்டதையும் கூறுகிறது. இந்தச் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். 1981இல் திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பை என்னும் சிற்றூரில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதியன் நெடுமான் அஞ்சியை அது 'சதியபுதோ' என்றே குறிக்கிறது. ஆகவே அசோகரின் மருத்துவ அறிக்கையில் இடம்பெற்ற நாடுகளுள் தகடூர் அதியர்களின் நாடும் ஒன்று என்று கொள்ளலாம். மனித மருத்துவம் வேறு, விலங்கு மருத்துவம் வேறு என்று அக்கல்வெட்டுப் பிரித்துரைப்பதை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

அதியமானின் நெல்லி அரபுநாட்டு மருந்துப் பெட்டிக்குள் 'அம்லஜ்' என்ற பெயரில் நுழைந்தது. வடமொழியின் ஆமலகம் பாரசீகத்தில் ஆம்லா ஆகி, அங்கிருந்து அரபியில் அம்லஜ் ஆயிற்று. பாரசீகச் சொல்லின் கடைசி எழுத்து அரபிக்கு வரும்போது ஜீமாக மாறுவது நம் மதரஸா மாணவர்களுக்குத் தெரிந்த விதியே. திரிபலா இவ்வாறே 'இத்ரீஃபல்' என்று பெயர் பெற்று இன்றும் யூனானி மருந்துக் கடைகளில் விற்கப்படுகிறது.

அம்லஜுக்கு இருதய மருந்துகளின் வரிசையில் இடம் தந்தவர் அபூ அலீ இப்னு ஸீனா (கி.பி. 980 - 1037). இவர் ஹமதான் நகருக்கு வந்து சேர்ந்த தொடக்க நாட்களில் 'அல் அத்வியத்துல் கல்பிய்யா', அதாவது 'இருதய மருந்துகள்', என்னும் சிறு நூலை இயற்றினார் என்று அவருடைய மாணவர் ஜூஸ்ஜானீ எழுதி வைத்திருக்கிறார். இருதயத்துக்கான மருந்துகளுக்கென்றே தனியாக எழுந்த இந்நூல் பிற்காலத்தில் வில்லனோவா அர்னால்டு என்பவரால் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவர்களின் கையிலும் தவழ்ந்தது. நூலின் முற்பகுதி மருந்துகளைப் பற்றியதே அன்று. இருதயத்தில் பிறக்கும் உயிராவியாகிய ரூஹைப் பற்றியும், மகிழ்ச்சியும் துயரமும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதைப் பற்றியும் நீண்ட ஆராய்ச்சி நிகழ்கிறது. இருதயத்துக்கு வலுவூட்டும் மருந்தும் மனத்துக்கு மகிழ்வூட்டும் மருந்தும் அவருடைய கருத்தில் மிக நெருங்கிய உறவுடையவை. இதைப் படித்துப் புன்னகை செய்வோர் சற்றுப் பொறுக்க. இதே முடிச்சு 900 ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கோலத்தில் எதிர்ப்படப் போகிறது.

நம் வினாவுக்கு நேரான விடை அந்நூலில் இல்லை. இப்னு ஸீனாவின் பெருநூலாகிய 'அல் கானூன் ஃபித் திப்' என்பதன் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. ஒரு மருந்தின் குணத்தை அறிய இரண்டு வழிகள் உண்டு என்கிறார் அவர். ஒன்று கியாஸ் எனும் அனுமானம், மற்றொன்று தஜ்ரிபா எனும் சோதனை. முஜர்ரப் என்னும் சொல் இந்தத் தஜ்ரிபாவின் வேரிலிருந்து கிளைத்தது. அச்சோதனை நம்பத் தகுந்ததாக வேண்டுமானால் ஏழு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று அவர் விதிக்கிறார். மருந்து தன் இயல்பில் இருக்க வேண்டும்; புறத்தே ஏற்ற சூடோ குளிர்ச்சியோ அதில் கலந்திருக்கக் கூடாது. நோய் ஒற்றை நோயாக இருக்க வேண்டும். பல நோய்கள் பின்னிக் கிடக்கும் உடலில் எது எதனால் தீர்ந்தது என்று சொல்ல இயலாது. ஒன்றுக்கொன்று மாறான நோய்களில் மருந்தைச் செலுத்திப் பார்க்க வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஒத்திருக்க வேண்டும். ஆதலின் மெல்லியதிலிருந்து தொடங்குதல் நன்று. அது எவ்வளவு காலத்தில் வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் பயன் எப்பொழுதும், அல்லது பெரும்பான்மையாகவேனும், நிகழ்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை நிகழ்ந்தது தற்செயலாகவும் இருக்கலாம்.

ஏழாவது நிபந்தனையே நம்மை நிறுத்தி வைத்தது. சோதனை மனித உடலின்மீது நடைபெற வேண்டும் என்கிறார். மனித உடலுக்குச் சூடாக இருப்பது சிங்கத்தின் உடலுக்கும் குதிரையின் உடலுக்கும் குளிர்ச்சியாக இருக்கலாம் என்பது அவர் கூறும் முதற்காரணம். ஓர் உடலுக்கென்று மட்டும் மருந்துக்கு ஒரு தனிக்குணம் இருக்கலாம் என்பது இரண்டாவது. 'பீஷ்' எனப்படும் வச்சநாவி மனிதனுக்கு நஞ்சு, மைனா இனத்தைச் சேர்ந்த ஒரு பறவைக்கோ அவ்வாறு இல்லை என்று உதாரணம் காட்டுகிறார். சூடு, குளிர்ச்சி என்ற பழைய பாகுபாட்டை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்நிபந்தனை அப்படியே நிற்கிறது.

இப்னு ஸீனாவின் ஏழு நிபந்தனைகளையும் அவருடைய வழிவந்தோர் எல்லாரும் பேணினார்கள் என்று நாம் பெருமையடித்துக்கொள்வதற்கில்லை. ஆசிரியர் எழுதினார் என்பதே பின்வந்த பலருக்குச் சோதனையாகிவிட்டது. ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் பெயர்த்தெழுதும்போது முஜர்ரப் என்ற சொல்லும் கூடவே பெயர்ந்தது. நம்மவரைக் குறித்து இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

நிற்க. அறுந்த அந்த இழையை நம் நாட்டில் மீண்டும் எடுத்துக் கோத்தவர்களுள் ஹகீம் அஜ்மல் கான் (1868 - 1927) முதன்மையானவர். அவர் தில்லியில் நிறுவிய திப்பிய்யாக் கல்லூரியை 1921இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். ஆயுர்வேதமும் யூனானியும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்ட அக்கல்லூரியில், பழைய மூலிகைகளைப் புதிய ரசாயன முறையில் ஆராய ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்பது அவருடைய அவா. அப்பணியை ஏற்றவர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1927இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகீ. ஆய்வுக்கூடம் உருப்பெறும்போது அஜ்மல் கான் உயிரோடில்லை. 1931இல் சர்ப்பகந்தி வேரிலிருந்து சில சத்துக்களைப் பிரித்தெடுத்த ஸித்தீகீ, அவற்றுள் ஒன்றுக்கு 'அஜ்மலீன்' என்று பெயர் சூட்டி அப்பெரியாரின் கடனைத் தீர்த்தார். அஜ்மலீன் பின்னாளில் இருதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்கு மருந்தாயிற்று. 1992இல் விவரிக்கப்பட்ட புருகாடா நோய் என்னும் மறைந்துறையும் இருதயக் கோளாற்றை வெளிக்கொணரவும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு ஹகீமின் பெயர் உலகத்து இருதய மருத்துவர்களின் நாவில் இப்படியாக நிலைத்துவிட்டது.

அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர் சர்ப்பகந்தி இரத்தக் கொதிப்பைத் தணிப்பதாக எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்புள்ள 50 பேருக்கு அதைக் கொடுத்துக் கண்ட முடிவைப் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகே மேலைநாடு கண் விழித்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சீபா நிறுவனத்தார் அவ்வேரிலிருந்து ரிசர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தனர்.

மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, சரி. அழுத்தம் குறைந்தால் இருதயமும் சிறுநீரகமும் உண்மையில் காக்கப்படுகின்றனவா? இவ்வினாவுக்கு 1967இல் அமெரிக்காவில் விடை கிடைத்தது. எட்வர்ட் ஃபிரெய்ஸ் என்பவரின் தலைமையில், கடுமையான இரத்தக் கொதிப்புள்ள 143 முன்னாள் படைவீரர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ரிசர்ப்பினும் வேறு இரண்டு மருந்துகளும், மற்றதற்கு மருந்தில்லா வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதை நோயாளிகளும் அறியார், மருத்துவர்களும் அறியார். வெறும் மாத்திரை உண்டவர்களில் நால்வர் இறந்தனர்; இருதயம் தளர்தல், சிறுநீரகம் கெடுதல், மூளையில் இரத்தக் கசிவு போன்ற கொடிய கேடுகள் 27 நிகழ்ந்தன. மருந்துண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை, கேடுகள் இரண்டே. சர்ப்பகந்தி தனியாக அன்று, துணை மருந்துகளோடு சேர்ந்துதான் இவ்வெற்றியைப் பெற்றது. ஆயினும் ஏழாவது நிபந்தனை இதில் நிறைவேறியது. இதைப் பார்த்திருந்தால் இப்னு ஸீனா தம் கையாலேயே முஜர்ரப் என்று எழுதியிருப்பார் என்று எண்ணுகிறோம்.

முன்னர்ச் சொன்ன முடிச்சும் இங்கேதான் எதிர்ப்பட்டது. மிகுந்த அளவில் ரிசர்ப்பின் உண்ட சிலர் காரணமின்றி ஆழ்ந்த துயரத்தில் அமிழ்ந்தார்கள் என்று 1950களில் மருத்துவர்கள் எழுதலாயினர். இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதற்காக அம்மருந்து வற்றச் செய்யும் நரம்புச் சத்துக்கள் மூளையிலும் இருப்பவை. இருதயத்தின் மருந்தைப் பேசப் புகுந்து மகிழ்ச்சியையும் துயரத்தையும் பேசிய ஹமதான் நூலை அப்போது எத்தனை பேர் நினைத்தார்களோ, அறியோம்.

இனி எலிகளின் அதிகாரத்துக்கு வருவோம். இருதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பது என்ற தலைப்பில் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் நிகழும் ஆராய்ச்சிகளில் மிகப் பெரும்பாலானவை வெள்ளெலிகளின்மேல் நடப்பவை. முறை எளியது. ஐசோபுரோட்டரினால் என்ற மருந்தை மிகுந்த அளவில் செலுத்தினால் எலியின் இருதயத் தசை மாரடைப்பில் சிதைவதைப்போலச் சிதையும் என்பது 1959இலேயே கண்டறியப்பட்டது. சிறுநீரகத்தைக் கெடுக்க ஜென்டாமைசின், அல்லது புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின். கேட்டை உண்டாக்குவதற்கு முன்பே சில எலிகளுக்கு மூலிகைச் சாற்றைப் புகட்டி வருவார்கள். பிறகு இரத்தத்தில் யூரியாவையும் கிரியாட்டினினையும், சிதைந்த இருதயத் தசையிலிருந்து கசியும் நொதிகளையும் அளந்து, சாறுண்ட எலிக்குச் சேதம் குறைந்திருந்தால் அது காக்கும் மருந்து என்று எழுதுவார்கள். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருதயத்தைப் பற்றி இத்தகைய ஆய்வுகள் பல நடந்துள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மாவிலங்கப் பட்டையைக் கொண்டு சிறுநீரகக் கல்லைப் பற்றிய ஆய்வுகள் நடந்தன. அதியமானின் நெல்லியும் இவ்வகைச் சோதனைகளில் பலமுறை தேறியிருக்கிறது.

இவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. எதைத் தேடுவது என்று வழிகாட்ட இவை வேண்டும். ஆனால் எலியின் வாசலோடு ஆராய்ச்சி நின்றுவிட்டு, செய்தி மட்டும் மருந்துச் சீசாவின்மேல் ஏறிக்கொள்வதுதான் குற்றம். பூனையைப் பட்டினியிட்டுக் கொன்ற பெண்ணுக்கு நேர்ந்த கதியைப் பற்றிய நபிமொழியை ஓதுகிறவர்கள் நாம். மனிதனுக்கு ஒரு பயனும் விளையாமல் ஏட்டில் முடங்கிப்போகும் ஆய்வுக்காக அவ்வாயில்லா உயிர்கள் பட்ட வேதனை நம் உள்ளத்தை உறுத்துகிறது.

எலிக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு மருதம்பட்டை நல்ல சான்று. காவிரிக் கரையோரங்களில் ஓங்கி நிற்கும் மரம் இது. ஒகேனக்கல் செல்வோர் அதன் வழவழப்பான வெளிறிய அடிமரத்தைக் கண்டிருப்பார்கள். இருதய நோய்க்கு ஆயுர்வேதமும் சித்தமும் நெடுங்காலமாகப் புகழ்ந்து வந்த அதன் பட்டை, எலிகளின் இருதயத்தை நன்றாகவே காத்தது. பின்னர்த் தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார், இருதயம் தளர்ந்த நோயாளிகளிடம் அதன் நீர்ச்சாற்றை 12 வாரம் கொடுத்து, வெறும் மருந்து உண்டவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். முடிவு 2016இல் வெளியாயிற்று. இருதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் கூடவில்லை. சிலருக்கு நடமாடும் சக்தியும் நோயின் உபத்திரவமும் ஓரளவு சீர்ப்பட்டன. தம் எண்ணத்துக்கு மாறாக வந்த முடிவை மறைக்காமல் அச்சிட்ட அவ்வாராய்ச்சியாளர்களை நாம் மதிக்கிறோம்.

பயனில்லாமல் போவது ஒருபுறம் இருக்கட்டும். காக்கும் என்று நம்பியது கெடுத்தால்? இப்னு ஸீனாவின் மருந்து வரிசையில் 'ஸராவந்த்' என்றொரு மூலிகை உண்டு. அதன் இனத்தைச் சேர்ந்ததே நம் வரப்புகளில் படரும் ஆடுதின்னாப்பாளை. கிரேக்கர், அரபியர், சீனர், தமிழர் ஆகிய எல்லாரும் இவ்வினத்தை மருந்தாகக் கொண்டவர்களே. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை உண்ட பெண்களின் சிறுநீரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. 1993இல் முதல் அறிக்கை வெளிவந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக இந்தப் பாளை இனத்து வேர் தவறுதலாக அம்மாத்திரையில் சேர்ந்திருந்தது. பாதிக்கப்பட்டோர் தொகை நூற்றைத் தாண்டிற்று. முற்றும் பழுதான சிறுநீரகத்தை அகற்றிக்கொண்ட 39 பேரை ஆராய்ந்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் முளைத்திருந்தது 2000இல் தெரிய வந்தது. இவ்வளவு பழைய மருந்தின் நஞ்சு அத்தனை நூற்றாண்டுகள் ஏன் புலப்படவில்லை? சிறுநீரகம் முறையிடாத உறுப்பு. பாதிக்கு மேல் அழிந்த பின்பே அது வாய் திறக்கும். மருந்துண்டது ஓராண்டில், கேடு தெரிவது வேறோராண்டில். காலத்தைக் கவனி என்னும் ஐந்தாவது நிபந்தனை எத்துணை அவசியமானது என்பதை இங்கே காண்கிறோம். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவன் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்னும் கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் இதைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் இந்தப் பிரசெல்ஸ் சம்பவத்தை மாணவர்களுக்கு எடுத்துரைக்கிறோம்.

தாவரத்திலிருந்து வந்து எல்லா நிபந்தனைகளிலும் தேறிய கதையும் உண்டு. 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃபுளோரிசின் என்ற கசப்புச் சத்து எடுக்கப்பட்டது. அது சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் என்பது பின்பு தெரிந்தது. அதைப் பின்பற்றி உருவாக்கிய 'கிளிஃப்ளோசின்' மருந்துகள் முதலில் நீரிழிவுக்கென்றே வந்தன. அவற்றை உண்டவர்களில் இருதய நோயால் இறப்போர் குறைவது 2015இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் புலனாயிற்று. சிறுநீரகம் பழுதுபட்ட 4,304 பேரிடம் டாபாகிளிஃப்ளோசின் என்ற மருந்தைச் சோதித்து 2020இல் வெளியிட்ட முடிவின்படி, சிறுநீரகம் மேலும் கெடுதல், அது முற்றும் செயலிழத்தல், சிறுநீரக நோயாலோ இருதய நோயாலோ மரணமடைதல் ஆகியவை மொத்தத்தில் 39 விழுக்காடு குறைந்தன. ஒரே மாத்திரை இரண்டு உறுப்புகளையும் காத்தது. ஆப்பிள் பட்டையிலிருந்து அம்முடிவு வரை 185 ஆண்டுகள்.

நம் மாவட்டத்தார்க்குச் சிறுநீரகத்தைப் பற்றி இன்னொரு கவலையும் உண்டு. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல்லில் கறை படிந்தும் எலும்பு இறுகியும் அவதியுற்றோரை நம் கிராமங்களில் கண்டிருக்கிறோம். 2013இல் செயல்படத் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வந்தது. உடலில் சேரும் ஃபுளோரைடை வெளியேற்றுவது சிறுநீரகமே. அது தளர்ந்தால் ஃபுளோரைடு கூடுதலாக உடலில் தங்கும். பழுதுற்ற சிறுநீரகத்தின்மேல் இன்னதென்று தெரியாத கஷாயத்தையும் ஏற்றுவதற்கு முன் இவ்வூரார் இருமுறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

அந்த இளைஞருக்கு இத்தனையும் நாம் சொல்லவில்லை. சீசாவின் தாளில் பொடி எழுத்திலிருந்த உட்பொருள் பகுதியை மட்டும் படித்துக் காட்டினோம். 'பல்வகை மூலிகைகள்' என்று இரண்டே சொற்கள் அங்கே இருந்தன. எந்த மூலிகை, எத்தனை எடை என்பது இல்லை. அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அத்தா இதைக் கேட்டு வாங்கிவிடுவார், ஹஜ்ரத். உங்களிடமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் மருத்துவரிடம் காட்ட வேண்டிய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். சீசா முத்திரை உடையாமல் நம் நூலடுக்கில், கானூனின் இரண்டாம் பாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.